நெற்றடியில் நின்ற அஃபி

நேற்றுப் பால் வாங்கத் தெருமுனை டெப்பனர் கடைக்குப் போனேன். வீட்டில் பால் இருந்தது. ஆனாலும் போனேன். வேலையை விட்ட பிறகு ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. மனைவி முதலில் "எங்கையப்பா போறியள்?" என்று கேட்பாள். இப்போது கேட்பதில்லை.

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு பூங்கா. பெட்டைகள் கரப்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது. எடுத்து எறிந்திருக்கலாம். மூக்கருகே கொண்டுபோய் மணந்தேன்.

"மிஸ்யூ, அது பந்து. சாப்பிடுற பாண் இல்லை," என்றாள் ஒருத்தி பிரெஞ்சில். மற்றவர்கள் விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு எறிந்தேன்.

புதுப் பந்தின் மணம் எனக்குப் பழக்கம். துறைமுகத்துப் பக்கம் ஒரு வெயார்ஹவுஸில் பதினேழு வருஷம் பெட்டி இறக்கினேன். சப்பாத்து வந்த கொண்டெய்னரைத் திறந்தால் அதே மணம் முகத்தில் அடிக்கும். சில வருஷங்களுக்கு முன் அந்த வேலை ஒருநாள் நின்றது. அடுத்த வேலைக்கு இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னார்கள். நான் வீட்டுக்குள் நடந்தேன். அறைக்கும் குசினிக்கும், குசினிக்கும் அறைக்கும்.

மகள் அப்போது பல்கலைக்கழகத்தில். அவளோடு படித்தவர்கள் ஆப்பிரிக்காவில் டோகோ என்ற நாட்டுக்குப் புறப்பட்டார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்க. கரப்பந்து பழக்க இருந்தவர் காலை முறித்துக்கொண்டார்.

"நீங்கள் போங்கோவன் அப்பா. இஞ்ச நிலம் தேயுது."

கோடைக்குக் கோடை அஹுன்ட்சிக் பக்கம் ஊர்க்காரர் சேர்ந்து கரப்பந்து ஆடுவது அவளுக்குத் தெரியும். எந்தக் கரப்பந்து என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஆடுவது ஓவர் கேம். உலகம் ஆடுகிற ஆட்டம் வேறு. அதைச் செற்றப் என்போம். எங்கள் ஆட்டத்தில் நின்ற இடம் மாறுவதில்லை. நெற்றடியில், அதாவது வலைக்குக் கிட்ட, நிற்பவன் கடைசிவரை நெற்றடியில்தான். உலக ஆட்டத்தில் ஆறு பேரும் முறை வைத்து முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றவேண்டும். அதுவும் எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் அதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். மகள் பிரெஞ்சில் ஒரு சட்டப் புத்தகம் தந்து விட்டாள். படம் மட்டும் பார்த்தேன்.

டோகோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு கிழமை இருந்தேன். அங்கேயும் பிரெஞ்சுதான். என் பிரெஞ்சு வெயார்ஹவுஸ் பிரெஞ்சு. தூக்கு, இறக்கு, தள்ளி நில். கரப்பந்துக்கு அது போதும். பிள்ளைகள் என்னைத் தொந்தொன் என்றார்கள், மாமா என்ற மாதிரி. நான் கத்துவதைப் போலவே கத்திக்காட்டி என்னையே பகிடி பண்ணுவார்கள். கோமி என்ற கணக்கு வாத்தியார்தான் எனக்குத் துணை. அவருக்குக் கால்பந்து தவிர ஒன்றும் தெரியாது.

அஃபிக்குப் பதினான்கு வயது. பனை உயரம். நெற்றடியில் நிறுத்தினேன். அவள் அடித்தால் எதிர்ப்பக்கம் ஆட்கள் விலகுவார்கள். தகப்பன் சைக்கிள் திருத்துகிறவர். தலைநகரில் ஒரு பள்ளிக்கூடம் நன்றாக ஆடும் பெட்டைகளை இலவசமாக வைத்துப் படிப்பிக்குமாம். அது கிடைக்காவிட்டால் அவள் நகரத்திலிருக்கும் மாமி வீட்டுக்கு, வீட்டு வேலைக்குப் போவாள். கோமி சொல்லித்தான் தெரியும். அவள் சொல்லவில்லை. கடைசிக் கிழமை இன்னொரு பள்ளிக்கூடத்தோடு ஆட்டம். அதற்கு முதல்நாள் மட்டும் கேட்டாள்: "தொந்தொன், நான் காணுமோ?"

"காணும், நீ போதும்," என்றேன்.

தலைநகர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்திருந்தார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நடுவர் விசில் ஊதினார். பேந்தும் ஊதினார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். இடம் மாறச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. எப்படி மாறுவது என்று அவர்களுக்கு நான் பழக்கவில்லை. நடுவரே ஒவ்வொருத்தியையும் தோளில் பிடித்து நகர்த்தினார். அஃபி பின்னுக்குப் போனாள். பின்னுக்கு நின்று அவள் ஒரு பந்தும் எடுத்ததில்லை. வந்த முதல் பந்து கையில் பட்டு மரத்துக்குப் போனது. அடுத்தது முகத்தில். அவள் அழவில்லை. குனிந்து மண்ணைத் தட்டினாள்.

தோற்றோம். வந்தவரிடம் போனேன். பிழை என்னுடையது, நான்தான் தவறாகப் பழக்கினேன் என்றேன். அவர் நல்ல மனுஷன். கை நல்ல கை, அடுத்த வருஷம் கொண்டுவாருங்கள், பார்ப்போம் என்றார்.

அன்றே தகப்பனிடம் போனேன். ஒரு வருஷம் அவளை மாமி வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருக்கச் சொன்னேன். அவர் சைக்கிள் சில்லைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"நீர் வருவீரோ?"

"ஓம்."

"சரி, அப்ப வைச்சிருக்கிறன்."

அவ்வளவுதான் பேச்சு. பத்திரம் இல்லை, சாட்சி இல்லை.

மொன்ட்ரியாலுக்கு வந்து அந்தச் சட்டப் புத்தகத்தை மகளைக்கொண்டு வாசிப்பித்தேன். மேசையில் ஆறு தேநீர்க் கோப்பையை வைத்துச் சுற்றிப் பழகினேன். மனைவி வேறு கோப்பையில் குடித்தாள். டிக்கெட்டும் எடுத்தேன். பிறகு கொரோனா வந்தது. விமானம் நின்றது, பள்ளிக்கூடங்கள் பூட்டின, அங்கே ஆட்டமும் இல்லை. கோமிக்குப் போனில் சொன்னேன். தகப்பனுக்குச் சொல்லச் சொன்னேன். ஒரு வருஷம் என்றவர், இன்னொரு மழைக்காலமும் பொறுத்தாராம்.

வழி திறந்தபோது அஃபி மாமி வீட்டுக்குப் போய்விட்டாள். கோமியையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகுமுன் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். பந்தடித்த இடத்தில் வகுப்பறை கட்டுகிறார்களாம். நெற் கட்டிய கம்பு இரண்டையும் பிடுங்கியாயிற்றாம். பூட்டியிருந்த காலம் முழுக்க அஃபி பள்ளிக்கூடச் சுவரில் பந்தை அடித்து, பின்னுக்கு நின்று எடுத்துப் பழகினாளாம். பஸ் ஏறும்போது எனக்கு ஒரு சொல் விட்டுப் போனாளாம்.

"தொந்தொனிட்டச் சொல்லுங்கோ, இப்ப நான் பின்னுக்கும் எடுப்பன்."