நடுக்களத்தில் கேட்ட தமிழ்

அந்தக் கால்பந்து அரையிறுதியில் நான் ஆடுவதாகவே இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் அணியின் நடுக்கள ஆட்டக்காரருக்கு வாந்தி தொடங்கியது. விடுதி அறையில் அவர் சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்த பயிற்சியாளர், தாழ்வாரத்தில் நின்று பழம் தின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"எடா, இன்னு நீயா கேட்டோ. பேடிக்கண்டா" என்றார் மலையாளத்தில். இன்றைக்கு நீதான், பயப்படாதே.

பயமெல்லாம் வரவில்லை. பாதிப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே அப்பாவுக்குப் போன் செய்தேன். அவருக்குத் திருவனந்தபுரம் சாலை பஜாரில் கயிறும் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கும் கடை. செய்தியைக் கேட்டதும் அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் கத்தியதுதான் போனில் கேட்டது: "அண்ணாச்சி, கடையச் சாத்தும்! பய இன்னைக்கு இறங்குதான்!"

திருவனந்தபுரத்திலேயே ஆட்டம். சொந்த ஊர் மைதானத்தில், எங்கள் கிளப்பின் சட்டையில், முதல் பதினொருவரில் ஒருவனாகக் களமிறங்குவது அதுதான் முதல் தடவை. எதிரணி சென்னையிலிருந்து வந்திருந்தது. அவர்களுடைய கேப்டனும் நடுக்களக்காரர். என்னைவிட மூத்தவர், தோள் அகலமானவர். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அந்தத் தோளால் என்னை ஒரு தடவை புல்லில் உருட்டிவிட்டு, கை கொடுத்துத் தூக்கியும் விட்டார். நான் "தேங்க்ஸ் சேட்டா" என்றேன். சேட்டன் என்றால் எங்கள் ஊரில் அண்ணன். பள்ளிக்கூடமும் மைதானமும் எனக்கு மலையாளம்தான். வீட்டுக்குள் மட்டும்தான் தமிழ். களத்தில் இறங்கினால் வாய் தானாகவே மலையாளத்துக்கு மாறிவிடும்.

கேலரியில் சாலை பஜார்காரர்கள் ஒரு மூலையைப் பிடித்திருந்தார்கள். அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு எழுந்து நின்றிருந்தார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்துவதும், அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் நிற்பதும் கீழிருந்தே தெரிந்தது.

இரண்டாம் பாதியில் ஆட்டம் இறுகிவிட்டது. யாரும் கோல் போடவில்லை. எங்கள் பெனால்டி பகுதிக்கு வலப்பக்கம் அவர்களுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. பந்துக்கு அருகே அந்தக் கேப்டன் வந்தார். நடுவர் இன்னும் எங்களைப் பின்னுக்குத் தள்ளவில்லை, நான் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறேன். என்னைப் பார்த்துக்கொண்டே, அடிக்கப்போகிற பையனிடம் சாவகாசமாகத் தமிழில் சொன்னார்:

"ரெண்டாவது கம்பத்துக்குத் தூக்கற மாதிரி ஓடி வா. தூக்காத. தரையோட உருட்டி விடு. பாக்ஸுக்கு வெளிய நான் வந்துடறேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவருக்கு நான் ஒரு மலையாளிப் பையன், அவ்வளவுதான். முகத்தைச் சுளிக்காமல், ஒன்றும் விளங்காதவன் போல மூக்கைச் சொறிந்தேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் இரண்டாவது கம்பத்துக்கு நகர்ந்தார்கள். பயிற்சியாளர் கோட்டோரத்திலிருந்து என்னையும் அங்கே போகச் சொல்லிக் கையை ஆட்டினார். நான் போகவில்லை.

பையன் ஓடி வந்தான். அவன் கால் பந்தில் படுவதற்கு முன்பே நான் ஓடத் தொடங்கிவிட்டேன். பந்து உருண்டு வந்தது, கேப்டன் சொன்ன அதே இடத்துக்கு. அவர் காலைத் தூக்கியபோது பந்து அங்கே இல்லை, என்னிடம் இருந்தது. முன்னால் முழு மைதானமும் காலி. அவர்களுடைய ஆட்கள் பாதிப்பேர் எங்கள் கோல் பக்கம் நின்றார்கள். நடுக்கோட்டைத் தாண்டும்போது இடப்பக்கத்திலிருந்து எங்கள் விங்கர் பறந்து வருவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவன் இருக்கும் இடத்துக்கு அல்ல, அவன் வந்து சேரப்போகும் இடத்துக்குப் பந்தைத் தள்ளினேன். அவன் நிறுத்தவே இல்லை. ஓடிவந்த வேகத்திலேயே அடித்தான். வலை குலுங்கியது.

அதன் பிறகு என்ன சத்தம்! விங்கர் ஒரு பக்கம் ஓடுகிறான், நான் வேறு பக்கம் ஓடுகிறேன். யாரைக் கட்டிப்பிடித்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. நடுவரைத்தான் என்று நண்பர்கள் சொல்வார்கள்.

கடைசி விசில் ஊதியதும் கேப்டன் நேராக என்னிடம் வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீ தமிழா?"

"சாலைக்காரன் அண்ணே. எங்க அப்பாவுக்கு நாகர்கோவில் பக்கம்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தோற்றுப்போன ஒரு மனிதர் அப்படிச் சிரிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இந்தா, வச்சிக்கோ. இனிமே உன் பக்கத்துல நின்னு நான் சாமி கும்பிடக்கூட வாயத் திறக்க மாட்டேன்."

வெளியே அப்பா காத்திருந்தார். "அவன் உருட்டுததுக்கு முன்னாடியே ஓடுனியே, எப்படிலே?" என்றார். சொன்னேன். அதற்குப் பிறகு பல மாதங்களுக்குச் சாலை பஜாரில் தாழ்ப்பாள் வாங்க வந்தவர்கள் யாரும் அந்தக் கதையைக் கேட்காமல் திரும்பியதில்லை. அப்பா சொல்லும் கதையில் நான் மூன்று பேரைத் தாண்டிப் போவேன். சில நாள் ஐந்து பேரை.

அடுத்த பருவத்திலிருந்து நடுக்களம் எனக்கே என்று ஆனது. பல ஊர்கள், பல கிளப்புகள். கொல்கத்தாவில் சேற்றில் ஆடினேன். கோவாவில் வெயிலில் நாக்குத் தள்ள ஓடினேன். பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவைக்கிற அந்தச் சின்னப் பழக்கம்தான் என்னை இத்தனை வருடம் காப்பாற்றியது. சென்னைக் கேப்டனுடன் எதிரும் புதிருமாக இன்னும் பல முறை ஆடினேன். என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொள்வார்.

ஒரு காலைப் பயிற்சியில், பக்கத்தில் யாருமே இல்லாதபோது, சும்மா திரும்பினேன். முழங்காலுக்குள் சுள்ளி முறிவது போல ஒரு சத்தம். அறுவைச் சிகிச்சை நடந்தது, தேறினேன், மறுபடி ஆடினேன், மறுபடி அதே சத்தம். டாக்டர் நல்லவர், சுற்றிவளைக்கவில்லை. "நடக்கலாம், மலை ஏறலாம். ஆட்டம் மட்டும் போதும்" என்றார். வீட்டுக்கு வந்து காலணிகளை அலமாரிக்கு மேலே ஏற்றினேன். திருவனந்தபுரத்தின் கரமனையில் எனக்கும் மனைவிக்கும் வாடகை வீடு. டிவியில் கால்பந்து வந்தால் வேறு சேனலுக்கு மாற்றிவிடுவேன்.

அப்படி இருந்தபோதுதான் சென்னைக் கேப்டனின் போன் வந்தது. அவர் அதற்குள் டிவியில் வர்ணனையாளர் ஆகியிருந்தார்.

"உங்க ஊர்ல அடுத்த வாரம் மேட்ச். தமிழ் கமென்டரிக்கு என் கூட உட்கார ஒரு மிட்ஃபீல்டர் வேணும். வர்றியா?"

"அண்ணே, என் தமிழைக் கேட்டிருக்கீங்கல்ல?"

"என் தமிழ நீ கேட்ட அளவுக்கு இல்ல."

நெஞ்சு படபடவென்று அடித்தது. முழங்கால் போன பிறகு அப்படி அடித்தது அதுதான் முதல் தடவை. உடனே சரி என்றுவிட்டேன், அதற்குப் பிறகுதான் நடுங்கினேன். என் மனைவி திருநெல்வேலிக்காரி. கணக்கு அலுவலகத்தில் வேலை. எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு ஆட்டத்தைக்கூட அவள் முழுதாகப் பார்த்ததில்லை. டிவியில் ஒரு பழைய ஆட்டத்தைப் போட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, அவளை உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தேன்.

"யார்கிட்ட பந்து இருக்குன்னு எனக்கும்தான் தெரியுது" என்றாள். "அந்தா, அந்தப் பையன் ஒண்ணுஞ் செய்யாம நிக்கானே, அவன் எதுக்கு அங்க நிக்கான்? அதச் சொல்லுங்க."

அவன் எதற்காக அங்கே நிற்கிறான்! அதைச் சொல்ல ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. சோறு ஆறிப்போனது. அந்த வாரம் முழுக்க அவள் கேட்டாள், நான் சொன்னேன். கடைசியில், "அந்த நாலாம் நம்பர் பின்னாலயே பாக்க மாட்டேங்கானே!" என்று அவளே அலறினாள்.

ஆட்டத்தன்று வர்ணனை அறையில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. எங்கிருந்தோ மேடைத் தமிழ் வந்து வாயில் உட்கார்ந்துகொண்டது. "பந்தானது தற்போது வலப்புறம் நோக்கி நகர்த்தப்படுகிறது" என்றேன். இடைவேளையில் கேப்டன் ஒலிவாங்கியை அணைத்தார்.

"டேய், கும்பாபிஷேகத்துக்கா வந்திருக்க? அன்னைக்கு என் பந்தப் புடுங்கிட்டு ஓடினியே, அந்த ஆளப் பேச விடு."

இரண்டாம் பாதி. எங்கள் ஊர் அணியில் புதிதாக வந்த நடுக்களக்காரன், முதுகில் ஆளை வைத்துக்கொண்டு பந்தை வாங்கினான். வாங்குவதற்கு முன் பின்னால் பார்த்திருந்தான்! நான் கண்டேன். இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன்.

"பாத்துட்டான், பாத்துட்டான்! திரும்பிட்டாம்லே! இப்ப மூணு பேரு அவனுக்குப் பின்னால போயாச்சு, நடுவுல வழி தொறந்து கிடக்கு... போ, போலே மக்கா! அடி! என்ட பகவானே, கம்பத்துல பட்டுடுச்சு... திரும்பி வருது, அவங்கிட்டயே வருது... கோல்! கோல்!"

கேப்டன் என் முதுகில் ஓங்கி அடித்ததும் சேர்த்தே ஒளிபரப்பானது.

அடுத்த நாள் இணையத்தில் சிலர் இது தமிழா மலையாளமா என்று கேட்டிருந்தார்கள். நாகர்கோவில்காரர்கள் அதற்கு வரிந்துகட்டிக்கொண்டு பதில் எழுதியிருந்தார்கள். தயாரிப்பாளர் கூப்பிட்டு, அடுத்த ஆட்டத்துக்கும் வரச் சொன்னார். "அந்த 'லே'ய மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கோங்க சார்." குறைக்கிறேன் என்றேன். குறையவில்லை. இது இப்போது என் தொழில்.

போன மாதம் மனைவியுடன் பொன்முடி மலைக்குப் போய்விட்டு இறங்கும்போது கல்லாறு என்ற ஊரில் சாயா குடிக்க நின்றோம். முகத்தை வைத்து என்னை அடையாளம் தெரியாத கடைக்காரர், நான் சாயா கேட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்தார். "டிவியில் கிடந்து கூவுந்நது நிங்ஙளல்லே?" என்றார்; டிவியில் கத்துவது நீங்கள்தானே என்று. "வீட்லயும் இப்படித்தான்" என்று என் மனைவி முந்திக்கொண்டாள். அவர் ஆற்றிய சாயாவை நீட்டிக்கொண்டே, எங்கள் ஊர் அணியின் நடுக்களம் ஒன்றுக்கும் உதவாது என்றார். நான் விடுவேனா? நடுக்களக்காரன் பந்தை எப்படி உடம்பைப் பாதி திருப்பியபடி நின்று வாங்கவேண்டும் என்று காட்ட, கிளாஸைக் கையில் பிடித்தபடியே ரோட்டில் இறங்கினேன். அவரும் இறங்கி என் முதுகை ஒட்டித் தடுப்பாளராக நின்றார். வளைவில் வந்த ஜீப் ஹார்ன் அடித்தது. ஓட்டுநர் தலையை நீட்டி, "எந்தா பிரஸ்னம்?" என்றான்.

"ஒரு பிரஸ்னமும் இல்லை, ஒதுங்கிப் போ" என்றார் கடைக்காரர், என்னைத் தோளால் இடித்துக்கொண்டே.