படகு நீலம் பூசிய போர்க்கல்

எனாமல் பெயின்ட் நாற்றம் மூக்கில் ஏறினால் இன்னும் எரிச்சல் வருகிறது. பழவேற்காட்டுக் குப்பத்துப் போர் நினைவுக்கல்லில் பெயர் பொறித்திருந்த அதிகாரிகளைப் பழைய ஆவணங்களில் தேடி ஒவ்வொருவராக அடையாளம் கண்டுவந்தேன். கடைசிப் பெயர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. உப்புக்காற்று அரித்த அந்த எழுத்துகளைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுக்கலாம் என்று, குப்பத்தாரிடம் போனில் சொல்லிவிட்டுப் போனேன். சொன்னதுதான் வினை. கடலில் இறக்கப்போகும் படகுக்கு அடிப்பதுபோல், கல் முழுக்க நீலம் அடித்து மாலையும் போட்டிருந்தார்கள். எழுத்துக் குழிகளெல்லாம் நிரம்பி, கல் வழவழவென்று மின்னியது.

"இன்னாண்ணா இது?" என்றேன், பெயின்ட் அடித்த படகுக்காரரிடம்.

"மரியாதைக்குத்தான் சார். படகுக்கே ஒரு கோட்டுதான், இதுக்கு ரெண்டு அட்ச்சோம்."

சுரண்டினால் மிச்ச எழுத்தும் உதிரும். வெறுங்கையோடு பஸ் ஏறினேன். படகுக்காரர் ஜன்னலருகே வந்து சொன்னார்:

"அடுத்த தபாவும் முன்னாடியே சொல்ட்டு வா சார், கல்லைச் சுத்தி மஞ்சள்ல பார்டர் கட்டி வெக்கிறோம்."