நானே கேட்டாலும் சொல்லாதீங்கோ

ஜலஜாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வரைபடப் பிரிவில் முப்பத்து மூன்று வருஷம் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவன் நான். லோத்குண்டாவில் அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவனும் நானே. ஆபீசிலும் தெருவிலும் அந்தக் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்பதால், அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

நாங்கள் வேலை பார்த்தது பாதுகாப்புத் துறையின் ஓர் ஆய்வுக்கூடத்தில். உள்ளே என்ன வரைந்தோம் என்று என் மனைவியிடமே சொன்னதில்லை, உங்களிடம் சொல்வேனா? ஒன்று மட்டும் சொல்லலாம். கைப்பேசி உள்ளே போகக்கூடாது. வாசலில் துப்பாக்கியோடு சீருடைக் காவலர் நிற்பார். பக்கத்திலேயே போனை ஒப்படைத்து டோக்கன் வாங்கும் ஜன்னல். அதில் எப்போதும் அனுமார் வால் வரிசை.

ஜலஜா அந்த வரிசையில் நின்றதே இல்லை. கணவர் சாரங்கபாணிதான் தினமும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். காவலரைக் கண்டதும் ஜலஜா போனைக் கணவர் கையில் கொடுப்பார், அடையாள அட்டையை எடுப்பார், திரும்பிப் பார்க்காமல் உள்ளே போவார். சாரங்கபாணி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதே சாலையில் இருந்த தன் தொழிற்சாலைக்குப் போவார். சாயங்காலம் வந்து திரும்பக் கொடுப்பார். இருபது வருஷம் ஒரு நாள் தவறாமல் இது நடந்தது.

ஐம்பத்தோரு வயதில் ஜலஜாவுக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். டாக்டர் சொன்னால் மனிதர்கள் மூன்று நாள் நடப்பார்கள். ஜலஜாவுக்குத் துணையாகப் புறப்பட்ட நானும் சரியாக மூன்று நாள் நடந்தேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஜலஜா நிறுத்தவில்லை. ராணுவ நிலத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு நீளமான சாலை உண்டு. அங்கே அவருடைய வேகத்தைப் பார்த்த ஒரு பழைய சுபேதார், "இதற்கென்று ஒரு போட்டியே இருக்கிறது, அம்மா" என்று சொல்லிப் பந்தய நடையைக் கற்றுக்கொடுத்தார். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னே வைக்கும் காலில் முட்டி மடங்கக்கூடாது. அப்படி வேகமாக நடந்தால் இடுப்பு தானாகவே இப்படியும் அப்படியும் ஆடும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும்.

சிரித்தார்கள். ஒரு பால் வண்டிக்காரர் ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டே சிரித்தார். ஜலஜா அவர் முன்னால் போய் நின்று, எங்கள் ஊர் உருதுவும் தமிழும் கலந்து, "கைக்கு ஹஸ்ரே? எதுக்குச் சிரிப்பு? சிரிச்சாச்சா? இப்ப என்கூட ஒரு ரவுண்டு வாங்கோ" என்றார். மனிதர் மரியாதையாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தச் சாலையில் யாரும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் இருப்பவர்கள் வெளிநாடு போக மேலிடத்து அனுமதி வேண்டும். தங்கை பெண்ணின் கல்யாணத்துக்குப் போக ஜலஜா ஒரு முறை விண்ணப்பித்தார். கல்யாணம் முடிந்த நான்காம் நாள் அனுமதிக் கடிதம் வந்தது. அவர் அதைக் கிழித்துப் போடவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். ஓய்வு பெறும் நாள் வரை அது அங்கேயே இருந்தது, யாரும் எடுக்கச் சொல்லத் துணியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு மூத்தோருக்கான தேசியப் போட்டியில் மூன்றாவதாக வந்தார். அடுத்தது உலகப் போட்டி, பின்லாந்தில். அறுபதிலிருந்து அறுபத்து நான்கு வயதுப் பெண்களுக்கு ஐந்து கிலோமீட்டர் நடை. "இந்தத் தடவை யாரையும் கேக்க வேண்டாம்" என்றார் ஜலஜா. முதல் வெளிநாட்டுப் பயணம், அதுவும் தனியாக. மற்ற இந்திய வீராங்கனைகளுக்குப் போட்டி பின்னால் இருந்ததால் அவர்கள் மூன்று நாள் கழித்துத்தான் வருவதாக இருந்தது.

ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்கு வாடகைக் காரில் சாரங்கபாணியும் உடன் போனார். வாசலில் துப்பாக்கியோடு சீருடைக் காவலர் நின்றார். அவ்வளவுதான். ஜலஜாவின் கை தானாகவே போனை எடுத்துக் கணவரிடம் கொடுத்தது. சாரங்கபாணியின் கை தானாகவே அதைச் சட்டைப் பையில் போட்டது. ஜலஜா பாஸ்போர்ட்டையும் பயணச்சீட்டையும் காட்டினார், திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். தினமும் நடப்பதுபோல இருவரும் தத்தம் வழியே போய்விட்டார்கள்.

கார் உப்பல் சிக்னலில் நின்றபோது சாரங்கபாணியின் சட்டைப் பை அலறியது. ஜலஜா, பக்கத்தில் இருந்த பயணி ஒருவரின் போனை வாங்கித் தன் நம்பருக்கே அடித்திருந்தார்.

"ஐயோ, இது எங்கிட்ட எப்படி... இரு, நான் திரும்பி வரேன்!"

"நக்கோ, நக்கோ, வர வேண்டாம். இமிக்ரேஷன் தாண்டியாச்சு. நீங்க வந்தாலும் என்னைப் பார்க்க முடியாது. எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வெச்சிருக்கேன். ஃபோனை சார்ஜ் போட்டு பீரோவுல வையுங்கோ. யாராவது ஓடிபி கேட்டா சொல்லாதீங்கோ. என் குரல்லயே பேசுவா. நானே கேட்டாலும் சொல்லாதீங்கோ."

"ஹவ், ஹவ், சரி" என்றார் சாரங்கபாணி.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை பாதுகாப்பு வகுப்பு எடுப்பார்கள். எல்லாரும் தூங்குவோம், ஜலஜா மட்டும் குறிப்பெடுப்பார். அந்தக் குறிப்பு அவருக்கே வினையாகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

இனி நடந்ததை, ஜலஜா பிறகு சொன்னதையும் இங்கே சாரங்கபாணியோடு இருந்து நான் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பின்லாந்தில் போன் இல்லாமலேயே அவர் நன்றாகச் சமாளித்தார். அச்சடித்த வரைபடத்தைப் பார்த்து ரயில் ஏறினார், விடுதியைக் கண்டுபிடித்தார். ஒரே ஒரு காரியம்தான் ஃபைலில் அடங்கவில்லை. போட்டிக்கு முந்தின நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள், மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் திறந்து வருகையை உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். விதிமுறைத் தாளில் அந்த வரியை அவரே சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தார்.

காலையில் விடுதி வரவேற்பறையின் கணினியில் உட்கார்ந்தார். கடவுச்சொல் நினைவிருந்தது. ஆனால் புதிய நாடு, புதிய கணினி. மின்னஞ்சல் சந்தேகப்பட்டது. நீங்கள்தானா என்று தெரிய உங்கள் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம், அதை இடுங்கள் என்றது. கைப்பேசி லோத்குண்டாவில் பீரோவுக்குள் இருந்தது.

மைதானத்துக்கு ஓடினார். பதிவு மேஜையில் இருந்த பெண் மிகவும் வருத்தப்பட்டாள். பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், ஆளையும் பார்த்தாள், ஆனால் மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தவிர வேறு வழியில்லை என்றாள். ஜலஜா விடுதிக்குத் திரும்பியபோது மணி பதினொன்று. வரவேற்பறையில் இருந்தவரிடம் தொலைபேசியைக் கேட்டு வாங்கினார்.

இங்கே அப்போது பகல் ஒன்றரை. நான் சாரங்கபாணி வீட்டில் இருந்தேன். என் மனைவி ரமணி கொடுத்தனுப்பிய வத்தக்குழம்பை அவரோடு உட்கார்ந்து நானே பாதி சாப்பிட்டிருந்தேன். அவருடைய போன் அடித்தது. மூன்று, ஐந்து, எட்டு என்று ஆரம்பிக்கும், பார்த்திராத நம்பர்.

"எடுக்காதீங்கோ சார், மோசடிக்காரன்" என்றேன்.

மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை சாரங்கபாணி பொறுக்க முடியாமல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏன்னா, நான்தான். பீரோவுலேர்ந்து என் ஃபோனை எடுங்கோ. ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வந்திருக்கும். சீக்கிரம் படிங்கோ."

சாரங்கபாணி என்னைப் பார்த்தார். நான் கையை வேகமாக ஆட்டினேன். "குரலை அப்படியே நகல் பண்ணிடறா சார். போன மாசம் பேப்பர்ல வந்ததே."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு போனிடம் சொன்னார்: "யாரு கேட்டாலும் சொல்லப்படாதுன்னு என் ஆத்துக்காரி சொல்லியிருக்கா."

"அந்த ஆத்துக்காரி நான்தான்!"

"அவளே கேட்டாலும் சொல்லப்படாதுன்னும் சொல்லியிருக்கா." வைத்துவிட்டார். இருவரும் பெரிய கொள்ளையைத் தடுத்துவிட்டவர்கள்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பாவி, நான் மட்டும் அங்கே இல்லாவிட்டால் அவர் சொல்லியிருப்பார்.

அங்கே ஜலஜா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அழுகை வந்ததாம். "அழலை. கம்ப்யூட்டர்ல எழுத்து ஏற்கெனவே சின்னது. அழுதா அதுவும் தெரியாது" என்றார் பிறகு. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அந்தப் பழைய கடிதம்தான் கண்முன் நின்றதாம். அன்றைக்குத் தடுத்தது யாரோ மேலிடம், இன்றைக்குத் தடுத்தது தன் வாய்ச்சொல். தன் வாயோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாதா என்று மறுபடி எண்களை அழுத்தினார்.

"வைக்காதீங்கோ! அனந்தகிருஷ்ணன் சார் அங்கதானே உக்காந்துண்டிருக்கார்? அவர்தானே ஓதறார்?"

என் பெயரைக் கேட்டதும் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

"அனந்து சார், நான் சொல்றது கேக்கறதா? பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, நடக்க ஆரம்பிச்ச மூணாம் நாள், இடுப்பு பிடிச்சுண்டுதுன்னு பாதியில நின்னேளே? திரும்பி வரச்சே பார்த்தேன். முனையில இரானி ஹோட்டல்ல உக்காந்து முட்டை பஃப் சாப்பிட்டுண்டிருந்தேள். ஒண்ணு இல்லை, ரெண்டு. ரமணிகிட்ட இன்னிவரைக்கும் நான் சொல்லலை. சொல்லட்டுமா?"

உலகத்தில் எந்த மோசடிக்காரனுக்கும் அது தெரியாது. "மேடம்தான் சார்!" என்று கத்திக்கொண்டே நான் பீரோவுக்கு ஓடினேன்.

சாவி கிடைத்தது, போனும் கிடைத்தது. திறக்கும் எண்ணை ஜலஜா சொன்னார். ஆனால் வந்திருந்த ஆறு இலக்கமும் அதற்குள் காலாவதியாகிவிட்டது. புதிதாகக் கேட்டால், பல முறை முயன்றுவிட்டீர்கள், சற்று நேரம் கழித்து முயலுங்கள் என்றது கணினி. அங்கே பதினொன்று இருபத்தைந்து. ஜலஜா போனை வைக்கவில்லை, எங்களையும் வைக்க விடவில்லை.

ஐந்து நிமிஷம் போனது. சாரங்கபாணி மெதுவாகக் கேட்டார்: "சாப்ட்டியா?"

"ரொட்டி. கறுப்பா ஏதோ. பரவால்லை."

"குளிர்றதா?"

"இல்லை." பிறகு, "நீங்க சொல்லாம இருந்தது சரிதான். எனக்குக் கோவம் வந்தது, ஆனா சரிதான்" என்றார். சாரங்கபாணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் என்று சொன்னார். மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே பதினொன்று நாற்பத்தெட்டுக்கு என் கையிலிருந்த போன் ஒலித்தது. ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். எங்கள் பிரிவில் அளவுகளைச் சரிபார்க்கும்போது அப்படித்தான் ஒருவர் படிக்க, மற்றவர் திருப்பிச் சொல்வார். ஜலஜா திருப்பிச் சொன்னார். பிறகு விசைகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"திறந்துடுத்து" என்றார். "பேர் இருக்கு. இந்தியான்னு போட்டிருக்கு." இன்னும் சில விநாடிகள். "அழுத்திட்டேன். உறுதியாச்சு. பன்னெண்டுக்கு ஒம்பது நிமிஷம் இருக்கு. சரி, ஃபோனை பீரோவுல வையுங்கோ." வைத்துவிட்டார்.

மறுநாள் போட்டிக்கு முன் வீராங்கனைகளை ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். பந்தயம் முடியும்வரை யாரும் போன் வைத்துக்கொள்ளக்கூடாது என்பது அங்கே விதி. ஒரு பெண் கூடையோடு வந்தாள். மற்றப் பதின்மூன்று பேருக்கும் கொடுக்க மனமில்லை. ஒருத்தி கடைசியாக ஒரு செய்தி அனுப்பினாள், ஒருத்தி பேரனின் படத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள், கொடுத்த பிறகும் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடை ஜலஜாவிடம் வந்தது. அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஷூ நாடாவை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினார். கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அன்று மாலை சாரங்கபாணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பிரதி எங்கள் வீட்டு முகவரிக்கும் இருந்தது. அந்த முகவரியை எங்கள் வீட்டில் முதலில் பார்ப்பவள் ரமணி. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தாள்.

"பதினான்கு பேரில் ஒன்பதாவது. முட்டி மடங்கியதாக நடுவரிடம் ஓர் எச்சரிக்கைகூட வாங்கவில்லை. அடுத்த போட்டிக்கு இப்போதே பெயர் கொடுத்துவிட்டேன். இதை எழுதுவது நான்தானா என்று நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். அடையாளம்: இரானி ஹோட்டல், முட்டை பஃப், இரண்டு."

ரமணி கண்ணாடியைக் கழற்றினாள். நான் என் ஷூ எங்கே இருக்கிறது என்று தேடப் போனேன்.