புரொஜெக்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலி

மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் என்னை அச்சுறுத்தியது ‘தேநீர்’ என்ற ஒற்றைச் சொல். சொற்பொழிவு நடக்கும்போது ஒருவன் தன் நாற்காலியில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கலாம். அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. தேநீர் என்று அறிவித்தவுடன் அந்த நாற்காலி பறிபோய்விடும். பேராக் மாநிலம் முழுவதிலிருந்தும் ஈப்போவின் அந்த ஓட்டல் மண்டபத்துக்கு வந்திருந்த தோட்ட நிர்வாகிகள், கையில் கோப்பையோடு வட்டம் வட்டமாகக் கூடிவிடுவார்கள். ஒவ்வொரு வட்டமும் முதுகுகளால் எழுப்பிய சுவர். அதற்கு வாசல் எந்தப் பக்கம் என்று எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதியில், சிலிம் ரிவருக்கு அருகிலிருந்த ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் துணை நிர்வாகியாக இருந்தேன். தொழிலாளர் வழக்கில் சின்னத் துரை. சென்னையில் இயற்பியல் படித்துப் பட்டம் பெற்றவன். விடியுமுன் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் என் குரல் கடைசி வரிசைவரை கேட்கும். அத்தகையவன், கேக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் நான்கு பேரை அணுகத் தயங்கினான் என்றால் நம்புவது கடினம். இதற்கு நானே நெடுநாள் காரணம் தேடியிருக்கிறேன். பெரட்டில் யார் எங்கே நிற்பது, யார் முதலில் பேசுவது என்பதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே தீர்மானமானவை. தேநீர் மண்டபத்தில் எதுவுமே தீர்மானமாகவில்லை. ஒருவன் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொண்டு, சிரித்து, தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். என்னை வளர்த்தவர்கள் அதை வலியப் போய் ஒட்டிக்கொள்வது என்பார்கள்.

முதல் ஆண்டு மாநாட்டில் தேநீர் என்றதும் நான் ஓட்டலை விட்டே வெளியேறி, எதிரிலிருந்த சீனர் கோப்பிக் கடையில் போய் அமர்ந்தேன். சற்று நேரத்தில் என் நண்பன் தேடிக்கொண்டு வந்துவிட்டான். கல்லூரி விடுதியில் அடுத்த அறைக்காரன். எங்கள் கம்பெனிக்குச் சொந்தமான, கம்பார் பக்கத்துத் தோட்டத்தில் அவனும் துணை நிர்வாகி. ஞாயிறுதோறும் தேவாலய வாசலில் ஊரோடு கைகுலுக்கி வளர்ந்தவனுக்குப் புதுமுகங்களைக் கண்டால் உற்சாகம் பிறக்கும்.

“என்ன மச்சான், உள்ள கம்பெனித் தலைவரே நிக்கிறாரு. நீ இங்க கோப்பி ஆத்திக்கிட்டு உக்காந்திருக்க?”

“உள்ள புழுக்கமா இருக்கு.”

“உள்ள ஏர்கோன் ஓடுது லா! வேர்வை ஊத்துறது இங்கதான்.”

“நீ போ. குடிச்சிட்டு வாரேன்.”

அவன் போகவில்லை. “உன்னப் பத்தி என்ன பேசுறாங்க தெரியுமா? சிலிம் ரிவர்க்காரருக்குத் தலைக்கனம், மெட்ராஸ்ல படிச்சவரு, நம்மகிட்டல்லாம் பேச மாட்டாருன்னு.”

அந்தச் சொல் தைத்தது. அதே சமயம், மறைக்காமல் எழுதுவதானால், அதில் ஓர் ஆறுதலும் இருந்தது. கூச்சப்படுகிறவன் என்று அறியப்படுவதைவிடக் கர்வி என்று அறியப்படுவது ஒரு நிர்வாகிக்கு மேலானது என்றே அன்று கருதினேன். ஆகவே அந்தப் பேச்சை நான் மறுக்கவில்லை. மாலையில் ஓட்டல் அறைக்குத் திரும்பி, ஈரத் துண்டைக் கண்கள்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். நாள் முழுவதும் வெயிலில் நடந்தாலும் வராத தலைவலி, அந்த இரண்டு நாள் மாநாட்டில் தவறாமல் வந்தது.

அடுத்த ஆண்டு எனக்கு ஒரு வழி பிறந்தது. யாரோ ஒருவர் ரப்பர் மரப் பட்டை நோய்களைப் பற்றி ஸ்லைடு போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது புரொஜெக்டர் சிக்கிக்கொண்டது. இயக்கியவர் செய்வதறியாமல் அதைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய், ஸ்லைடுகள் அடுக்கிய தட்டைக் கழற்றி, வளைந்திருந்த ஸ்லைடின் அட்டையை நேராக்கி மறுபடி ஓடவைத்தேன். அவர் நன்றியோடு தம் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டார். விளக்குகள் அணைந்தன. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்; நான் எல்லோருக்கும் பின்னால் இருந்தேன். அந்த மண்டபத்தில் முதன்முறையாக என் மூச்சு சீராக வந்தது.

தேநீர் நேரம் வந்தபோது எழுந்து போகவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அடுத்த பேச்சாளரின் ஸ்லைடுகளை அடுக்கிக்கொண்டிருப்பவனை யாரும் தனித்து நிற்பவன் என்று நினைப்பதில்லை. தேநீரே என்னிடம் வந்தது. மனிதர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். பாரிட் புந்தார் பக்கமிருந்து வந்த முதிய நிர்வாகி ஒருவர், ஒரு ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதே நோய் தம் தோட்டத்தில் மழைக்காலத்தில் எப்படிப் பரவியது என்று நெடுநேரம் பேசினார். நானும் பேசினேன். ஒருவர் எதிரில் அமர்ந்து, பேசுவதற்கு ஒரு பொருளும் இருந்தால் எனக்குச் சொற்கள் குறைந்ததே இல்லை.

அன்றுமுதல் அது என் பணியாயிற்று. எங்கள் தோட்டத்துப் புரொஜெக்டரே ஓட்டலில் இருந்ததைவிட நல்லது என்பதால், அதைப் பெட்டியோடு காரில் கொண்டுபோவதும் என் வழக்கமாயிற்று. அப்படி ஒரு காலை, ஓட்டல் வாசலில் நான் பெட்டியை இறக்கியபோது நண்பன் விரைந்து வந்து தடுத்தான்.

“மச்சான், பெட்டியக் கீழ வை. ஓட்டல்ல ஆள் இல்லையா?”

“கனமில்ல.”

“கனத்தப் பத்தியா பேசுறேன்? தோட்டத்துல குடையக்கூட நீ சுமந்ததில்ல. இங்க வந்து பெட்டி தூக்குற.”

“இது ஈப்போ. தோட்டமில்ல.”

“ஊருதான் ஈப்போ. உள்ள இருக்கிறவன் அத்தனை பேரும் தோட்டத்துக்காரன் லா!”

அவன் சொன்ன வழக்கத்தை நான் அறியாதவன் அல்லன். எங்கள் தோட்டங்களில் ஒருவரின் பதவியை அவர் கைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். தலைமை நிர்வாகியான பெரிய துரையின் கையில் பிரம்பைத் தவிர வேறொன்றும் இருக்காது. பதவி இறங்க இறங்கக் கையில் சுமை ஏறும். வெள்ளைக்காரர் வைத்துப்போன அந்த வழக்கத்தை அவர்களுக்குப் பின் வந்த நாங்களும் பிசகாமல் காத்தோம். அது தோட்டத்து எல்லைக் கல்லோடு நின்றுவிடும் என்று நான் எண்ணியிருந்தேன். நண்பனின் பேச்சை அவனுடைய வழக்கமான கிண்டல்களில் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பெரிய துரை ஓய்வுபெறப் போவதாகச் செய்தி வந்தது. எங்கள் கம்பெனியின் தோட்டங்களில் அதுவரை தமிழர் எவரும் அந்த நாற்காலியில் அமர்ந்ததில்லை. அனுபவத்தாலும் படிப்பாலும் அது எனக்கு உரியது என்று தோட்டமே பேசியது. முடிவெடுக்க வேண்டியவர் பினாங்குத் தலைமையகத்திலிருந்து வரும் கம்பெனித் தலைவர். அவர் ஆட்களோடு நேரில் பேசிப் பார்க்கும் இடம் மாநாட்டுத் தேநீர் வேளை என்பதும் எல்லோரும் அறிந்ததே.

மாநாட்டுக்குக் கிளம்பும் நாளில் என் கோட்டைத் தேய்த்துக்கொண்டே மனைவி சொன்னாள்: “ஏங்க, இந்த வாட்டியாச்சும் அந்த மெசினுகிட்டப் போகாதீங்க. தலைவர்கிட்ட நாலு வார்த்த பேசிட்டு வாங்க.”

“பேசுறேன்.”

“என்ன பேசுவீங்க? சொல்லிக் காட்டுங்க, கேப்போம்.”

நான் கூடத்தின் நடுவில் நின்று, தயாரித்து வைத்திருந்த வாக்கியங்களைச் சொன்னேன்.

“பெரட்டுல பேர் கூப்பிடுற மாதிரி இருக்கு. கொஞ்சம் சிரிச்சுச் சொல்லுங்க லா.”

சிரித்தும் சொன்னேன். பெரிய துரைக்கென்று இருந்த மேட்டுப் பங்களாவுக்குக் குடிபோகப் போவதாக அவள் தன் அண்ணன் குடும்பத்திடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாள் என்பதை அறிந்தே சொன்னேன்.

புரொஜெக்டரை ஓர் இளைய துணை நிர்வாகியிடம் ஒப்படைத்துவிட்டு, அன்று முன்வரிசைக்கு அருகில் அமர்ந்தேன். காலை நிகழ்ச்சியில் அவர் ஸ்லைடைத் திருப்பிப் போட்டுவிட, செம்பனை மரம் ஒன்று ஓலையைத் தரையில் ஊன்றி வேரை வானத்துக்குக் காட்டி நின்றது. மண்டபம் சிரித்தது. என் கைகள் தாமாக எழப் பார்த்தன, அடக்கிக்கொண்டேன்.

தேநீர் என்று அறிவித்தார்கள். தலைவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றனர். நான் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு அந்த வட்டத்தின் விளிம்பில் போய் நின்றேன். வட்டம் திறக்கவில்லை. என் எதிரில் இரண்டு முதுகுகள் இருந்தன. யாரோ நகைச்சுவை சொல்ல, எல்லோரும் சிரிக்க, அது காதில் விழாத நானும் சிரித்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று கால் எடுத்தபோது, உள்ளே நின்ற நண்பன் என்னைக் கண்டு, தோளால் ஒருவரை மெல்ல நகர்த்தி இடம் செய்தான்.

“சார், இவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே” என்றான் ஆங்கிலத்தில்.

தலைவர் திரும்பினார். அவர் முகம் உண்மையாகவே மலர்ந்தது. நான் வலக்கையை நீட்டினேன். முதல் வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது.

“அப்பாடா, வந்தீர்களா! காலையில் அந்த மரம் தலைகீழாக நின்றதைப் பார்த்தீர்கள்தானே? மதியம் என்னுடைய பேச்சு. நீங்கள் இயக்கினால்தான் எனக்கு நிம்மதி” என்று சொல்லி, பக்கத்து மேசையிலிருந்த தம் ஸ்லைடு தட்டை எடுத்துத் தந்தார். கைகுலுக்கவென்று நீட்டிய கையில் தட்டு வந்து அமர்ந்தது.

சுற்றியிருந்தவர்கள் நல்லெண்ணத்தோடு சிரித்தார்கள். தட்டை மேசையில் திரும்ப வைத்துவிட்டு என் வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம் என்று இன்று வாசிப்பவர் எண்ணக்கூடும். ஏழெட்டுப் பேர் முன்னிலையில், மூத்தவர் ஒருவர் கொடுத்ததை மறுத்து, எனக்கு இது வேண்டாம், அது வேண்டும் என்று கேட்பது என் இயல்பில் இல்லை. “சரி சார்” என்றேன். வட்டம் மறுபடி மூடிக்கொண்டது. மதியம் அவருடைய படங்கள் ஒன்றும் பிசகவில்லை.

சில வாரங்கள் கழித்து நண்பன் தன் காரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தான்.

“நான் கேக்கல மச்சான். தலைவரே கூப்பிட்டு, பெரிய துரையா சிலிம் ரிவருக்குப் போறியான்னு கேட்டாரு. உன் பேரச் சொன்னேன், சத்தியமா.”

“என்ன சொன்னாரு?”

அவன் என் மனைவியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். “நல்ல மனுசன், மெசின நல்லாப் பாத்துக்குவாருன்னாரு.”

என் மனைவி அவனுக்குத் தேநீரும் பலகாரமும் குறைவின்றி வைத்தாள். வாழ்த்தும் சொன்னாள். அவன் கார் புறப்பட்டபின் உள்ளே போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. பங்களா என்ற சொல்லை அதற்குப் பின் எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை.

அவன் நல்ல நிர்வாகியாகவே இருந்தான். தொழிலாளர் எதிரில் நான் அவனை ‘சார்’ என்றேன். ஒவ்வொரு முறையும் அவன் முகம் சுருங்கியது. “வேணாம் மச்சான், சுசாவா இருக்கு” என்று ஒருநாள் தனியே கெஞ்சினான். சங்கடம் அவனுக்கு மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. ஒழுங்கு ஒழுங்குதான் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாநாட்டுக்கு இருவரும் ஒரே காரில் போனோம். ஓட்டல் வாசலில், நான் இறங்குவதற்குள் அவன் பின்புறம் போய்ப் பெட்டியைத் தூக்கிவிட்டான். படிகளில் பல தோட்டத்து நிர்வாகிகள் நின்றிருந்தனர்.

“கீழ வைங்க, சார்.”

“இருக்கட்டும் மச்சான், இன்னைக்கு நான் கொண்டு வாரேன்.”

“எல்லாரும் பாக்குறாங்க. வைங்க.”

வைத்தான். நான் அதை எடுத்துக்கொண்டு, நிற்பவர்களுக்குத் தலையசைத்தபடி படியேறினேன். வெறுங்கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவனாய் அவன் பின்னால் வந்தான். மண்டபம் இன்னும் நிரம்பியிருக்கவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் என் நாற்காலி போட்டிருந்தது.