பாக்டீரியாவுக்குக் கட்டுச்சோறு

பால் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் 'புள்ளியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். தயிரில் உயிரோடிருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கண்ணாடித் தட்டில் வளரவிட்டு, வெள்ளைப் புள்ளிகளாக முளைத்ததும் ஒவ்வொன்றாக எண்ணுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக எண்ணுகிறாள், ஒருநாளும் பிசகியதில்லை.

எண்ணினோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருந்திருக்கலாம். யார் கேட்டார்கள்? "குடலுக்குள்ள போற பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வேணாமா சார்? நார்ச்சத்தையும் சேர்த்தே அனுப்புவோம்" என்று மேலாளரிடம் ஒற்றைக்காலில் நின்று அனுமதி வாங்கிவிட்டாள். நம் வயிற்றுக்குச் செரிக்காத நார் அதுகளுக்கு நல்ல தீனி. வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொடுக்கிற மாதிரிதான்.

அங்கேதான் சறுக்கினாள் மகராசி! நார்ப்பொடியைத் தயிரிலேயே கலந்துவிட்டாள். பத்தாம் நாள் பார்த்தால் டப்பா மூடியெல்லாம் உப்பிக்கொண்டு நிற்கிறது. மேலாளர் ஒன்றைத் திறந்தார், புளித்த நுரை அவர் சட்டை முழுக்கத் தெறித்தது. கட்டுச்சோற்றை அதுகள் கிளம்பும் முன்பே பிரித்துத் தின்றிருந்தன.

"இன்னும் ஒரே ஒரு தடவை. இருபத்தெட்டாம் நாளும் பாக்டீரியா உயிரோட இருக்கணும். இல்லேன்னா நீங்க பாட்டில் கழுவற பகுதிக்குப் போயிடுங்க" என்றார் மேலாளர், சட்டையைத் துடைத்தபடி.

புள்ளியக்கா விடவில்லை. இந்த முறை மூடிக்குள் ஒரு குட்டிக் கிண்ணம் பொருத்தி, நாரை அதில் தனியாக, உலர்வாகப் போட்டாள். சாப்பிடுகிறவர் சாப்பிடும்போது கலந்துகொள்ள வேண்டியது.

"என்னை ஒருநாளாவது இப்படிக் கவனிச்சிருக்கியா?" என்று வீட்டுக்காரர் கேலி பண்ணினார்.

"நீங்க ஒரே ஆளு. அதுங்க கோடிக்கணக்குல இருக்கு" என்றாள் இவள்.

இருபத்தெட்டாம் நாள் தயிரைத் தட்டுகளில் ஊற்றி, மூன்று நாள் வெதுவெதுப்பில் வைத்து, இன்று காலை வெளியே எடுத்தாள். முதல் தட்டில் புள்ளியே இல்லை. தட்டு முழுக்க ஒரே வெள்ளைப் படலம்.

"பூஞ்சை புடிச்சிருச்சா? போச்சு போ!" என்றார் மேலாளர்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஐயோ, பூஞ்சையாவது ஒண்ணாவது!

"சார், புள்ளிதான் சார்! எள்ளு போட இடமில்லாம நெருக்கிக்கிட்டு நிக்குது!"

அடுத்தது, பத்து லட்சம் மடங்கு நீர்த்த தயிரின் தட்டு. அதில் முப்பது புள்ளி இருந்தாலே பாஸ். எண்ணினாள், நூற்று நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினாள், அதே நூற்று நாற்பத்திரண்டு! தலைகால் புரியாமல் தட்டை மேலாளர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவரும் எண்ண உட்கார்ந்தார். அறுபதில் குழம்பி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்து, எண்பதில் கைவிட்டார்.

பிறகு போனை எடுத்து, பாட்டில் கழுவும் பகுதியைக் கூப்பிட்டார்.

"ஒரு ஆள் அனுப்பறேன்னு சொன்னேன்ல? நீங்க வேற ஆளைப் பாத்துக்கங்க. இந்தம்மாவை நான் விடமாட்டேன்."