பச்சை விளக்கை நம்பாதவள்

பாகீரதியிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாரும் சும்மா கேட்டுவிடக் கூடாது. கேட்டால் உட்கார வைத்துச் சொல்லுவாள். கல்கத்தா பெஹாலாவில் அவள் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழ்வீட்டு வங்காளி மாமி ஒருமுறை தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டு, அடுப்பில் வைத்த பால் பொங்கித் தீய்ந்துபோகிற வரை எழுந்திருக்க முடியாமல் தவித்தார். கணவர் வெங்கடநாராயணன் வங்கி அதிகாரி, நாலு பேரிடம் பேசிப் பழகியவர். அவரே மனைவியின் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல என்னமோ" என்று நழுவிவிடுவார். அதைக் கேட்டால் பாகீரதிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த 'என்னமோ' இதுதான். தாராதலாவில் இருக்கும் ஒரு மருந்து விநியோக நிறுவனத்தில் அவளுக்கு வேலை. மருத்துவமனைகள் ஆர்டர் போடுவது ஒரு மென்பொருளில். ஹவுராவில் இருக்கும் மருந்துக் கிடங்கு நடப்பது வேறொன்றில். பில் போடுவது இன்னொன்றில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி செய்தது, ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. ஒன்று சொல்வதை வாங்கி, அடுத்ததற்குப் புரிகிறபடி மாற்றி, கொண்டுபோய்ச் சேர்க்க நடுவில் இருக்கும் ஏற்பாட்டுக்கு இன்டர்ஃபேஸ் என்று பெயர். கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவே ஓடுகிற ஆள் மாதிரி. அந்த ஆள் ஒழுங்காக ஓடுகிறாரா, வழியில் எங்காவது நின்று காப்பி குடித்துக்கொண்டிருக்கிறாரா என்று கண்காணிப்பதுதான் பாகீரதியின் உத்தியோகம்.

அவளுடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து கல்கத்தாவிலேயே தங்கிவிட்டார். பாகீரதி பிறந்தது கிதிர்பூர் குவார்ட்டர்ஸில். வீட்டில் தஞ்சாவூர்த் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்று சின்ன வயதிலேயே மூன்றுக்கும் நடுவில் ஓடப் பழகியவள். பி.காம். முடித்த கையோடு இந்த நிறுவனத்தில் சேர்ந்தாள். அப்போது இன்டர்ஃபேஸ் என்ற பேச்சே கிடையாது. ஆர்டர்களை ஃப்ளாப்பியில் ஏற்றி, அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, படகேறி ஹவுரா கிடங்கில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொண்டுபோனவள் அவள்தான். கொடுத்துவிட்டுத் திரும்பிவிட மாட்டாள். கிடங்குக்காரர்கள் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, கடைசி ஆர்டர் எதுவென்று திரையைப் பார்த்து வாயால் சொன்ன பிறகுதான் அடுத்த படகைப் பிடிப்பாள். கொடுத்தது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு என்பது அவள் கட்சி.

ஃப்ளாப்பி போய், கேபிள் வந்து, எல்லாம் தானாக ஓட ஆரம்பித்த பிறகும் அவள் கட்சி மாறவில்லை. தினமும் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொரு முனைக்கும் போன் போடுவாள். "கடைசியா என்ன வந்தது?" என்று கேட்பாள். பதிலைத் தன் திரையோடு ஒத்துப் பார்த்துக்கொள்வாள். ஆபீஸில் இது பெரிய வேடிக்கை. அக்காவுக்கு வங்காளத்தில் தீதி; தீதி ஹவுராவுக்கு சுப்ரபாதம் பாடப் போகிறாள் என்பார்கள்.

சென்னையிலிருந்து புதிதாக மேனேஜராக வந்த ராகவ் சமர்த்துப் பையன். வந்த வேகத்தில் பழைய ஏற்பாட்டை எல்லாம் ஒழுங்கு பண்ணி, சுவரில் பெரிய திரை ஒன்று மாட்டினான். எல்லா இணைப்புகளும் அதில் விளக்குகளாகத் தெரியும். சரியாக ஓடினால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. ஹவுரா கிடங்குக்கும் ஒரு புதுப் பெட்டி வாங்கி அனுப்பினான். செய்திகளை வாங்கிக் கிடங்கு மென்பொருளுக்குக் கொடுக்கும் சின்னக் கணினி அது. முன்பு ஆபீஸ் சர்வர் அறையில் நடந்த வேலை, இப்போது கிடங்கு அலமாரியிலேயே நடந்தது.

"மேடம், இனிமே போன் பண்ணிட்டு இருக்க வேண்டாமே. ஸ்கிரீனே சொல்லிடுமே" என்றான்.

"சொல்லட்டும். அது சொல்றதை நான் கேட்டுக்கறேன். அவா சொல்றதையும் கேட்டுக்கறேன். காதுக்கு என்ன வாடகையா?" என்றாள் பாகீரதி.

ராகவ் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு அவளைப் பிடிக்கும்.

அந்த செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை வந்தது. நம் பக்கத்தில் ஆயுத பூஜைக்குச் செய்வதையெல்லாம் வங்காளத்தில் அன்றைக்குச் செய்துவிடுவார்கள். பட்டறை, தொழிற்சாலை, ஆட்டோ ஸ்டாண்டு எல்லா இடத்திலும் யந்திரங்களுக்குப் பொட்டிட்டு மாலை போட்டு ஓய்வு கொடுப்பார்கள். ஆண்கள் மொட்டை மாடிக்குப் போய்ப் பட்டம் விடுவார்கள். பாகீரதி ஆபீஸுக்குக் கிளம்பும்போதே பெஹாலா வானம் முழுக்கப் பட்டம். ராகவுக்கு இது வெறும் வேலை நாள். அவசர மருந்துக்காகக் கிடங்கில் சிலர் இருப்பார்கள் என்று மேலிடம் எழுதிக் கொடுத்திருந்தது. சுவர்த் திரையில் எல்லாம் பச்சை.

வழக்கம் போல பாகீரதி ஹவுராவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மற்ற முனைகளை விசாரித்துவிட்டு மறுபடி. கடைசியில் கிடங்கு மேற்பார்வையாளர் தபன்தா தன் கைபேசியை எடுத்தார். பின்னால் ஒலிபெருக்கிப் பாட்டு. யாரோ யாருடைய பட்டத்தையோ அறுத்துவிட்ட சந்தோஷத்தில் "போ காட்டா!" என்று கத்தினார்கள்.

"தபன்தா, கடைசியா என்ன வந்தது?" என்றாள் வங்காளத்தில்.

"இன்னிக்கு ஒண்ணும் வரலையே தீதி. பூஜை நாளாச்சே, யார் ஆர்டர் போடப் போறாங்க? சாயங்காலம் போக் பிரசாதம் வாங்க ஆளனுப்புங்க, கிச்சுரி பிரமாதம்."

பாகீரதி தன் திரையைப் பார்த்தாள். காலையிலிருந்து ஹவுராவுக்குப் போன ஆர்டர்கள் அதில் வரிசையாக இருந்தன. அத்தனையும் பச்சை.

"அந்தப் புதுப் பெட்டியில விளக்கு எரியறதா?"

"அதெப்படி எரியும்? அதுக்கும் பூஜை போட்டாச்சே. தராசு, ஸ்கேனர், தள்ளுவண்டி எல்லாத்தோட அதையும் வெச்சு சிந்தூர் இட்டு, மாலை போட்டு, பிளக்கை எடுத்தாச்சு. ராப்பகலா கண்ணை மூடாம உழைக்குது, பாவம்."

இதில் தபன்தாவைச் சொல்லிக் குற்றமில்லை. போன வருஷம் வரை அந்தப் பெட்டி அங்கே இல்லை. திரையின் மேலும் குற்றமில்லை. கிடங்கு 'எனக்கு வேண்டாம்' என்று திருப்பி அனுப்பினால்தான் அதற்குச் சிவப்பாகத் தெரியும். வீட்டில் ஆளே இல்லையென்றால் கொரியர்க்காரர் வாசலில் வைத்துவிட்டு 'சேர்த்தாச்சு' என்று எழுதிக்கொள்வாரே, அதைத்தான் அதுவும் செய்துகொண்டிருந்தது.

பாகீரதி வரிசையில் நின்ற ஆர்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாளைக்குப் போனால் போதும் என்கிற ரகம்தான் எல்லாம், ஒன்றைத் தவிர. பர்தமானில் ஒரு மருத்துவமனை இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து கேட்டிருந்தது. மிக அவசரம் என்று குறிப்பு. உடனே அங்கே போன் போட்டாள். மருந்தகத்துப் பெண் பேசினாள்.

"ஆர்டரை ஏத்துக்கிட்டோம்னு காலையிலேயே உங்ககிட்டேருந்து வந்துடுச்சே தீதி! வண்டி எங்கே வந்துட்டிருக்கு? காலேஜ்ல படிக்கிற பொண்ணு. கால் ரெண்டும் செத்துப் போச்சு, இப்போ கைக்கு ஏறிட்டு வருது. மூச்சுக்கு வர்றதுக்குள்ள மருந்து ஏத்தணும்னு டாக்டர் நிக்கறார். அவ அம்மா கேட்டுல உக்காந்து ஒவ்வொரு வண்டியா எட்டிப் பாக்கறாங்க."

கிளம்பவே கிளம்பாத வண்டிக்காக ஒரு தாய் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அப்படி உட்கார வைத்தது தன் பொறுப்பில் இருக்கிற ஒரு பச்சை விளக்கு.

"ராகவ், இங்க வாங்கோ" என்று கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் கைபேசியை எடுத்தான். "மும்பை ஹெட் ஆபீஸுக்கு, ஜி.எம்.முக்கு போன் போடறேன் மேடம். அவர் ஆர்டர் போட்டா ஸ்விட்சைப் போட்டுத்தானே ஆகணும்?"

"கொஞ்சம் பொறுங்கோ" என்றாள்.

அவளை மெச்ச வேண்டிய இடம் இதுதான். சட்டம் அவள் பக்கம் இருந்தது. ஓர் அதட்டல் போதும், பெட்டி ஓட ஆரம்பிக்கும். ஆனால் அவள் அப்பா ஆயுத பூஜையன்று பேனாவைக் கூடத் தொட விடாதவர். பூஜையில் வைத்ததைத் தொடுகிற கை எப்படிக் கூசும் என்று அவளுக்குத் தெரியும். பெட்டியைத் தொடச் சொன்னால் அடுத்து ஸ்கேனரைத் தொட வேண்டும், தள்ளுவண்டியைத் தொட வேண்டும். தபன்தா முறைப்பார், பையன்கள் மாடியை விட்டு இறங்க மாட்டார்கள். வாக்குவாதத்திலேயே பொழுது போய்விடும், பர்தமானில் அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு பொழுது இல்லை.

மறுபடி தபன்தாவைப் பிடித்து, அந்தப் பெண்ணைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னாள். மறுமுனையில் பாட்டு நின்றது.

"தீதி, பூஜையில வெச்சதை நாளைக்கு விசர்ஜனம் ஆகிற வரைக்கும் என்னால தொட முடியாது" என்றார் தபன்தா. குரல் கெஞ்சியது.

"தொட வேண்டாம். பிளக்கைக் கூடப் போட வேண்டாம். கைக்கும் இன்னிக்குப் பூஜையா?"

தபன்தா சிரித்துவிட்டார். "கை சும்மாதான் இருக்கு தீதி."

"குளிர் அறை?"

"அதை யார் நிறுத்துவாங்க? விஸ்வகர்மாவே வந்து சொன்னாலும் நிறுத்த மாட்டோம்."

"அப்போ நான் சொல்றேன், நீங்க எடுங்க."

பெட்டி செய்ய வேண்டியதை அவள் வாயால் செய்தாள். மருந்தின் பெயர், எந்தத் தட்டு, எத்தனை குப்பி, பேட்ச் எண், காலாவதித் தேதி. ஒவ்வொன்றையும் சொல்லித் திரும்பச் சொல்ல வைத்தாள். பட்டத்து நூலின் மாஞ்சா விரலில் ஒட்டியிருந்த பையன்கள் கையைக் கழுவிக்கொண்டு குளிர் அறைக்குள் ஓடினார்கள். ஐஸ் பெட்டியில் அடுக்கி, வாசல் வரை கையாலேயே தூக்கி வந்தார்கள்.

இந்தப் பக்கம் ராகவ் சும்மா இருக்கவில்லை. நாளைக்குப் பெட்டி விழித்துக்கொண்டால் இதே ஆர்டர் மறுபடி கிடங்குக்குப் போய், இன்னொரு தடவை மருந்து கிளம்பிவிடும். அதனால் வரிசையில் நின்ற அந்த ஒன்றை மட்டும் நிறுத்தி, கையால் முடித்ததாகப் பில் பக்கத்துக்கும் சொல்லி வைத்தான். பதற்றத்தில் இருந்த பாகீரதிக்கு அது தோன்றியிருக்காது. "சபாஷ்" என்று முதுகில் தட்டினாள்.

வண்டி மட்டும் பாக்கி. கிடங்கின் வாடகை வேன்களும் மாலையோடு நின்றன. அதில் ஒன்று முகமது இஸ்மாயிலுடையது. காயல்பட்டினத்துக் குடும்பம், கிதிர்பூரில் வளர்ந்தவன். பாகீரதியை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அக்கா, வண்டிக்கும் பசங்க பொட்டு வச்சு மாலை போட்டுட்டாங்க. அவங்க மனசு நோகக் கூடாது" என்று போனில் தயங்கினான்.

பாகீரதி வாய் திறப்பதற்குள் அவனுக்குப் பின்னாலிருந்து தபன்தாவின் குரல் கேட்டது. "மாலையைக் கழட்டாதே. விஸ்வகர்மாவும் கூட வரட்டும்!"

இஸ்மாயில் மாலையோடு வண்டியை எடுத்தான்.

"இதோ பார் இஸ்மாயில்" என்றாள் பாகீரதி. "பெட்டியைக் கொடுத்துட்டேன்னு எனக்கு போன் பண்ணாதே. மருந்து ஏத்திட்டாளான்னு கேட்டுண்டு பண்ணு."

"சரிக்கா."

அன்று பகல் முழுக்க அவள் சாப்பிடவில்லை. வண்டி டான்குனி தாண்டியதா என்று கேட்டாள். சக்திகரில் நெரிசலா என்று கேட்டாள். டீ குடிக்க நிறுத்தினாயா என்று அதட்டினாள். நிறுத்தவில்லை என்றதும், நாலு வாய் தண்ணீராவது குடியேன்டா என்று அதற்கும் அதட்டினாள். ராகவ் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். சுவர்த் திரையை இருவருமே பார்க்கவில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது போன் வந்தது.

"அக்கா, பெட்டி வந்ததும் உள்ள எடுத்துட்டு ஓடினாங்க. நான் அப்பவே கூப்பிடல, நீங்க சொன்ன மாதிரி காத்துட்டிருந்தேன். இப்பதான் நர்ஸ் வந்து சொன்னாங்க. மருந்து ஏறிட்டிருக்கு. மூச்சு நல்லாத்தான் இருக்காம்."

பாகீரதி கண்ணைத் துடைத்துக்கொள்ளப் புடவைத் தலைப்பைத் தேடினாள்.

"அக்கா, அந்தப் பொண்ணோட அம்மா பேசணுங்கறாங்க. காலைப் பிடிச்சுக்கிறாங்க, எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. கொடுக்கறேன்."

பிறகு அழுது அழுது கம்மிப்போன ஒரு குரல் வங்காளத்தில் பேசியது. "நீங்க யாருன்னு எனக்குத் தெரியல. வழி முழுக்க உங்ககிட்டதான் பேசிட்டே வந்தேன்னு இந்தத் தம்பி சொல்றார். நீங்க அவரோட சொந்த தீதியா?"

பாகீரதி ராகவைப் பார்த்தாள். பிறகு போனை இன்னும் நெருக்கமாகக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாம்மா, சொந்த தீதிதான். நீங்க உள்ள போங்க. பொண்ணுக்குப் பக்கத்துல போய் உட்காருங்க."