நான் தின்ற வௌவால்

எங்கள் பீளமேட்டுப் பள்ளியில் வௌவால் கறி தின்று இழுப்பை வென்ற ஒரே வீரன் நான்தான். அந்தப் புகழ் ஒரு மாதம் நீடித்தது. இத்தனை வருடம் எழுதியும் அதற்கு ஈடான புகழ் எனக்கு வாய்க்கவில்லை.

மார்கழிப் பனியில் என் நெஞ்சு ஆர்மோனியம் வாசிக்கும். ஒரு நாள் பெரியப்பா, சப்போட்டா மரத்து வலையில் சிக்கி இறக்கை கிழிந்த பழந்தின்னி வௌவால் ஒன்றைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார்.

“வறுத்துக் குடு அம்மணி. இழுப்பு இருந்த எடந் தெரியாமப் போயிரும்.”

பெரியப்பா சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அப்பாவே அவர் முன்னால் உட்கார மாட்டார். அம்மா, “சரிங்க மாமா” என்று சாக்கை வாங்கிக்கொண்டாள்.

மதியம் மிளகு வறுவல் வந்தது. பெரியப்பாவின் மேற்பார்வையில் எலும்புவரை சப்பினேன். தை முடிந்து பனி விலகியது, இழுப்பும் விலகியது. விறகுக் கொட்டகை மட்டும் பூட்டியே கிடந்தது. எலித் தொல்லையாம். எலிக்குத் தினமும் பூவன்பழம் வைத்த வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். வீரனுக்கு அதையெல்லாம் யோசிக்க ஏது நேரம்?

என் பிரதாபத்தைக் கேட்டு, எதிர்வீட்டு அக்கா தன் மகளின் இழுப்புக்காக, பெரியப்பா வந்திருந்த நாளாகப் பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“மில்லுப் பக்கத்து அரசமரத்துல அத்தனை தொங்குது. நாளைக்கே நாலஞ்சு அடிச்சுப்போடலாம்” என்றார் பெரியப்பா. அவரிடம் ஏர்கன் இருந்தது.

அம்மா எழுந்துபோய்க் கொட்டகையைத் திறந்தாள். சாவிக்கொத்து அவள் கையில் கலகலத்தது. உள்ளே விட்டத்தில் கட்டிய பழஞ்சேலையைப் பற்றிக்கொண்டு, தலைகீழாக, நாய்க்குட்டி முகத்தோடு அது எங்களைப் பார்த்தது.

“இவன் தின்ன வௌவால் இதுதானுங்க மாமா. அன்னைக்கு வறுத்தது கோழிங்க” என்றாள் அம்மா. “புள்ளைய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்கக்கா.”

“என்னையவே ஏமாத்திப்போட்டயா?” என்ற பெரியப்பா காபியைத் தொடாமல் எழுந்துபோனார். அந்த வருடம் முழுக்க எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அரசமரத்துப் பக்கமும் போகவில்லை.

நான் அழுதேன், வௌவாலுக்காக அல்ல. கோழி தின்று எவன் வீரனானான்? சில நாளில் இறக்கை கூடி அது பறந்துபோனபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆலுக்கும் அத்திக்கும் இலுப்பைக்கும் விதை சுமக்கிற பிராணி அது என்று பின்னாளில் படித்தேன். அன்றைக்கு அம்மாவின் கையில் சாவி நடுங்கியதைப் பற்றி மட்டும் எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. தன் கையாலேயே தினமும் பழம் ஊட்டியவள், வௌவாலுக்குத்தான் பயப்படுகிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.